வெர்லின் ஸ்ட்ரவுட்டின் துப்பாக்கிக் குழல் எடை கூடிய வசந்தம்

அந்த மார்ச் மாதத்திலிருந்து வெர்லின் ஸ்ட்ரவுட்டின் துப்பாக்கிக் குழல், அவன் குறி தவறிச் சாக்குச் சொன்ன ஒவ்வொரு தடவையும் சரியாக ஒரு பவுண்டு எடை கூடியது. ஒக்லஹோமாவின் மேற்கு மூலையில் கிம்ப்ரோ வட்டாரத்தில் அந்த வருஷம் கோதுமை சுமாராக விளைந்தது. ஏப்ரலில் இரண்டு நாள் மழை. டீசல் விலை ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. குழலின் எடை மட்டும் இறங்கவே இல்லை.

கிம்ப்ரோ ஆண்களுக்குச் சனிக்கிழமை வந்துவிட்டால் போதும், மேய்ச்சல் நிலத்துக்குப் போய்விடுவார்கள். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு, மாட்டுப்பட்டியின் இரும்புக் கதவு, சாய்ந்த தகரக் கூரை என்று கண்ட இடத்தில் துப்பாக்கியை ஊன்றி, அறுநூறு எழுநூறு கெஜத்துக்கு அப்பால் தொங்கும் இரும்புத் தகடுகளைத் தொண்ணூறு விநாடியில் பத்துத் தரம் சுட வேண்டும். இதில் கனமான குழல் பூட்டினால் துப்பாக்கி துள்ளாது, குண்டு போய் விழுகிற இடம் கண்ணில் படும். லேசான குழல் பூட்டினால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சட்டென்று தூக்கிக்கொண்டு ஓடலாம். விஷயம் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு அவர்கள் பதினோரு வருஷம் பேசினார்கள். கட்டிக்கொள்ளப் போகிறவளைப் பற்றிக்கூட அவர்களில் ஒருத்தனும் இவ்வளவு யோசித்திருக்க மாட்டான். அவர்கள் சேர்ந்து நடத்திய சுடும் மன்றத்துக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. மதிப்பெண் தாளில் பெயர், பட்டது, தவறியது என்ற மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில் நாலாவதாக ஒரு கட்டம். அதன் தலைப்பு 'காரணம்'. சுட்டு முடித்தவுடன் தவறியதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். சொல்லாதவனை யாரும் ஆளாக மதிப்பதில்லை.

வெர்லினுக்கு வயது ஐம்பத்திரண்டு. கூட்டுறவுத் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுவது அவன் வேலை. எடை விஷயத்தில் அவனை ஏமாற்ற அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. துப்பாக்கி விஷயத்தில் அவனை ஏமாற்ற வேறு ஆளே தேவைப்படவில்லை, அவனே போதும். பதினோரு வருஷத்தில் ஆறு குழல் மாற்றினான். ஒவ்வொன்றும் முந்தினதைவிடத் தடிமன். ஏழாவதாக, குழல் பூட்டிக் கொடுக்கும் லீலண்ட் போஷின் பட்டறையில் ஏழு பவுண்டுக் குழல் ஒன்றைப் பூட்டினான். மொத்தத் துப்பாக்கியும் பதினெட்டுப் பவுண்டு வந்தது. வண்டியின் பின்தட்டில் வைத்தால் அதிர்ச்சியில் தொலைநோக்கி நகர்ந்துவிடுமாம். அதனால் துப்பாக்கிக்கு முன்சீட்டு, அதற்குச் சீட்டுப் பட்டியும் போட்டுவிடுவான். அவன் மனைவி ட்வைலா பின்சீட்டில் மதிப்பெண் நோட்டையும் சாப்பாட்டுப் பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் வந்தாள். நேரக்கருவியைப் பிடிப்பதும், பட்டதையும் படாததையும் காரணத்தையும் எழுதுவதும் அவள்தான்.

முதல் வாரம் காற்றைச் சொன்னான், ஒரு பவுண்டு. அடுத்த வாரம் வெடிமருந்து ஈரம் என்றான், இன்னொரு பவுண்டு. வெயிலில் கானல் ஆடியது, ஊன்றும் பை புதுசு, வளை எலி ஒன்று குறுக்கே ஓடியது, காலையில் பிஸ்கட்டுக்கு ஊற்றித் தின்ற குழம்பு நெஞ்சைக் கரித்தது. ஏப்ரல் முடிவில் கிடங்கிலிருந்த விதை மூட்டைத் தராசில் வைத்துப் பார்த்தபோது துப்பாக்கி இருபத்தாறு காட்டியது. தடிமனில் நூலளவு மாற்றமில்லை. வெர்லினுக்குத் தலைகால் புரியவில்லை. கைக்காசு போகாமல் கனமான குழல்! கதவு மேல் வைத்தால் கல்லுப் போல நின்றது, மதிப்பெண்ணும் ஏறியது. மற்ற ஆண்கள் வயிறு எரிந்தார்கள். எந்த எஃகு, எந்தப் பட்டறை, என்ன எண்ணெய் போடுகிறாய் என்று குடைந்தார்கள். அவனும் எண்ணெயின் பெயரைச் சொல்லிவைத்தான். அந்த எண்ணெய் மூன்று ஊரில் தீர்ந்துபோனது.

மே மாதம் முடிகையில் துப்பாக்கி நாற்பத்தைந்து பவுண்டு. வண்டியின் முன்சீட்டு அமுங்கிவிட்டது, வாசற்படிப் பலகை ஒன்று பிளந்தது. லீலண்டிடம் தூக்கிக்கொண்டு போனான். லீலண்ட் அளவுக்கருவியால் நாலு இடத்தில் அளந்து பார்த்துவிட்டு மூக்கைச் சொறிந்தார்.

"குழல்ல ஒரு குத்தமும் இல்லய்யா. நான் பூட்டினது பூட்டினபடியே இருக்கு. நீ எதையோ தின்னக் குடுக்கற."

ட்வைலா அன்று சாயங்காலம் நோட்டைப் புரட்டிக் கூட்டிப் பார்த்தாள். மார்ச்சிலிருந்து காரணக் கட்டத்தில் இருபத்தேழு. பதினெட்டோடு இருபத்தேழு நாற்பத்தைந்து. நோட்டைச் சாப்பாட்டு மேஜையில் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"யோவ் மனுசா, இது எல்லாம் நீ அளந்து விட்டது. சொன்னதைத் திருப்பி வாங்கிக்கோ, இறங்குதான்னு பாப்போம்."

"போடி இவளே. எஃகுக்குக் காது இருக்கா?" என்று அவன் கோழி இறைச்சியைக் கடித்தான்.

வந்தது வினை அடுத்த சனிக்கிழமை. இறுதிப் போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாள். பத்தில் பத்து அடித்திருக்க வேண்டியவன் ஒன்பதோடு நின்றான். நாற்பது பேர் காரணத்துக்காகக் காத்திருந்தார்கள். காற்று இல்லை, கானல் இல்லை, எலிகூட அன்றைக்கு லீவு. வெர்லின் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"இவ பேனாவை டிக்கு டிக்குன்னு அமுக்கிட்டே இருந்தா எவன்யா சுட முடியும்?"

எல்லாரும் சிரித்தார்கள். ட்வைலா அதையும் கட்டத்தில் ஒரு எழுத்து விடாமல் எழுதினாள். துப்பாக்கி நின்றிருந்த இரும்புக் கதவு கீல் பெயர்ந்து தரையில் விழுந்தது. அந்த ஒரு காரணம் மட்டும் பத்துப் பவுண்டு. பதினோரு வருஷம் புழுதி தின்ற பெண்பிள்ளைக்கு அவன் கொடுத்த சன்மானம் இது.

ட்வைலா சத்தம் போடவில்லை. "இறுதிப் போட்டிக்கு நான் எழுதித் தரேன்னு மன்றத்துக்கு வாக்குக் குடுத்திருக்கேன், எழுதித் தருவேன். முடிஞ்ச கையோட அமரில்லோவுக்கு, எங்க அக்கா வீட்டுக்கு. திரும்பி வர்ற உத்தேசம் இல்ல" என்றாள். போட்டியன்று காலையில் அவள் பெட்டி வண்டியின் பின்தட்டில் இருந்தது. வெர்லின் அதைப் பார்த்தான், பார்க்காதது போல ஐம்பத்தைந்து பவுண்டையும் முன்சீட்டில் ஏற்றிப் பட்டி போட்டான். ஆனால் போகிற வழியெல்லாம் கண்ணாடியில் பின்சீட்டைத்தான் பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

இறுதிச் சுற்று ஒரே ஆட்டம்தான். தரையில் கிடக்கும் துப்பாக்கியைச் சுடுகிறவனே தூக்கித் தொட்டிக்கும், அங்கிருந்து கதவுக்கும், கூரைக்கும் ஓட வேண்டும். நேரக்கருவி கீச்சென்றது. வெர்லின் குனிந்து இழுத்தான். காலையில் அவனே வண்டியில் ஏற்றிய துப்பாக்கி இப்போது தரையைவிட்டு அசையவில்லை. இன்னொரு தரம் இழுத்தான், முதுகில் ஏதோ சடக்கென்றது. பத்து விநாடி போயிற்று. ட்வைலா தலை நிமிராமல் நோட்டில் அந்த மார்ச்சின் முதல் பக்கத்தைத் திறந்தாள்.

"மார்ச் ஒம்பது. ரெண்டாவது தகடு. காத்துன்னு எழுதியிருக்கு."

வெர்லின் பல்லைக் கடித்தான். பிறகு, "காத்து இல்ல. டிரிக்கரை வெடுக்குனு இழுத்துட்டேன்" என்றான். ஒரு பவுண்டு இறங்கியது.

"மார்ச் பதினாறு. மருந்து ஈரம்."

"பொய். அவசரப்பட்டேன்."

"எலி?"

"எலியே வரல."

"குழம்பு?"

"குழம்பு நல்லாத்தான் இருந்துச்சு."

நாற்பது ஆண்களும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். சிலர் தங்கள் துப்பாக்கியைச் சத்தமில்லாமல் வண்டிக்குள் வைத்தார்கள். இருபத்தேழும் தீர்ந்தபோது விநாடி எண்பத்தெட்டு. மிச்சம் பேனா. வெர்லின் வாயைத் திறப்பதற்குள் கருவி மறுபடி கீச்சென்றது. ஆட்டம் முடிந்தது. ஒரு குண்டுகூடச் சுடவில்லை, பூஜ்யம், இறுதிக்கு வந்த பத்துப் பேரில் பத்தாவது இடம். இனி எதைச் சொன்னாலும் அவனுக்குப் பைசா லாபம் இல்லை.

ட்வைலா நோட்டை மூடினாள். அப்போதுதான் அவன் சொன்னான்.

"பேனாச் சத்தம் என் காதுலயே விழல, ட்வைலா. நாந்தான் தவறவிட்டேன். நாலு பேர் முன்னால சொல்ல வெக்கமா இருந்துச்சு, உன் தலையில போட்டேன்."

துப்பாக்கி புல்லிலிருந்து லேசாக எழும்பி அடங்கியது. பதினெட்டுப் பவுண்டு. அன்றைய தாளில் காரணக் கட்டம் காலியாகவே போனது. அந்த மன்றத்தின் சரித்திரத்தில் அது முதல் தடவை என்பதால் செயலாளர் அதை ஏற்பதா வேண்டாமா என்று இரண்டு கூட்டம் போட்டார்.

ட்வைலா அமரில்லோவுக்குப் போகத்தான் செய்தாள். அக்கா இறைச்சியை முந்தின நாளே புகைபோட வைத்துவிட்டாள், வீணாக்க முடியுமா? சாவியை வாங்கிக்கொண்டு தானே ஓட்டினாள். தன் பெட்டியை முன்சீட்டில் வைத்துப் பட்டி போட்டாள்.

"நான் எங்க உக்காரது?" என்றான் வெர்லின்.

"பின்னாடி. இடம் பழகிப்போகும்."

மடியில் துப்பாக்கியோடு அவன் பின்சீட்டில் போனான். எட்டு நாள் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள், அதே மாதிரி உட்கார்ந்து. இன்றைக்கும் அப்படித்தான் போகிறார்கள்.

அவர்கள் திரும்பி வந்ததற்கு அடுத்த வாரம் கிடங்கின் விதைத் தராசில் மற்ற ஆண்களின் முப்பத்தொரு துப்பாக்கிகள் ஏறின. எத்தனை காட்டியது என்று வெர்லின் யாரிடமும் சொல்லவில்லை. மேய்ச்சல் நிலத்துக்குப் போகும் ஓடைப் பாலத்தில் மட்டும் வட்டார நிர்வாகம் எடை வரம்புப் பலகை ஒன்றை நட்டது. லீலண்ட் போஷ் பட்டறையில் இப்போது குழல் வாங்க யார் வந்தாலும் முதலில் நீளம் கேட்கிறார், பிறகு எத்தனை பவுண்டு என்று கேட்கிறார், கடைசியில் வீட்டுக்காரியின் தொலைபேசி எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு, வந்தவன் சொன்ன பவுண்டை அவளிடம் ஒரு வார்த்தை சரிபார்த்த பிறகே பூட்டிக் கொடுக்கிறார்.