இறக்காத வேகன்

கூட்ஸ் ஷெட்டை ஒட்டிய தண்டவாளத்தில் நேற்றுக் காலையிலிருந்து ஒரு வேகன் கதவு திறக்காமல் நின்றுகொண்டிருந்தது. கூட்ஸ் கிளார்க் சகாதேவன் அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருவண்ணாமலைக்கு மாற்றலாகி வந்த இந்தச் சில மாதங்களில் அவரைப் பற்றி ஊருக்குத் தெரிந்த ஒரே விஷயம், மனிதர் கெடு விஷயத்தில் இம்மியும் இறங்கி வரமாட்டார் என்பதுதான். வேகன் வந்து நின்றால் கொடுத்த நேரத்துக்குள் சரக்கை இறக்கிவிட வேண்டும். தாண்டினால் டெமரேஜ் என்று தாமதக் கட்டணம் எழுதிவிடுவார். வீட்டில் சாவு என்று சொல்லிக்கொண்டு வந்த உரக்கடைக்காரரிடம் துக்கம் விசாரித்துவிட்டு, அதே மூச்சில் டெமரேஜையும் எழுதிக் கையில் கொடுத்தவர். அப்பேர்ப்பட்டவருடைய சொந்த வேகன்தான் இப்போது கெடு தாண்டி நிற்கிறது. மூட்டை தூக்குகிற ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேலி பண்ண நல்ல சந்தர்ப்பம்தான், ஆனால் யாருக்கும் மனசு வரவில்லை.

ரயில்வேக்காரர் ஊர் மாறினால் வீட்டுச் சாமான் ஏற்ற ஒரு வேகன் இனாம். சகாதேவனும் தனமும் கல்யாணமான நாளிலிருந்து ஐந்து ஊர் பார்த்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் கட்டில், பீரோ, ஆட்டுக்கல் எல்லாம் வேகனில் பின்னால் வரும். ஒரே ஒரு பொருளை மட்டும் தனம் வேகனில் ஏற்ற விடமாட்டாள். அது அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பீங்கான் உப்பு ஜாடி. புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியது உப்பும் மஞ்சளும்தான், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ஆகவே ஜாடி நிறைய உப்பை அடைத்து, வாயைத் துணியால் கட்டி, பாசஞ்சர் வண்டியில் மடியில் வைத்துக்கொண்டே வருவாள். சீட்டுக்கு அடியில் வை என்றால் கேட்கமாட்டாள். "கீழ வச்சா உப்பு கோவிச்சுக்கும்" என்பாள். "ஜாடிக்கு அரை டிக்கெட் எடுத்துடட்டுமா?" என்று இவர் ஒவ்வொரு மாற்றலின்போதும் கேட்பார். ஆரம்பத்தில் அவள் அதற்கு வாய்விட்டுச் சிரித்தாள். பிள்ளை இல்லை என்று ஆனபிறகு சிரிப்பது நின்றுபோனது. அது தெரிந்தும் இவர் பழக்க தோஷத்தில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இந்த முறை இவர் மட்டும் முன்னால் வந்துவிட்டார். "நீங்க போங்க, நான் பின்னாடி வர்றேன்" என்று மாயவரம் ஸ்டேஷனில் வைத்துச் சொன்னாள். எப்போது என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. முந்தாநாள் மாயவரத்து கிளார்க் ரயில்வே போனில் கூப்பிட்டு, "உங்க சாமான் ஏத்தியாச்சு" என்றார். தனம் கிளம்பிவிட்டாளா என்று கேட்க இவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அது ஆபீஸ் போன். வண்டிப் போக்குவரத்துக்கு மட்டும் பேச வேண்டியது. சரி என்று வைத்துவிட்டார்.

உப்பு உள்ளே போகாமல் சாமான் இறங்கக்கூடாது, தனம் வரட்டும், வந்த பிறகு திறக்கலாம். நேற்றிலிருந்து இதைத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். நேற்று வந்த எந்த பாசஞ்சரிலும் அவள் வரவில்லை. இன்று காலை வண்டியிலும் இல்லை. இன்னும் ஒரு வண்டி இருக்கிறது, மத்தியானம் விழுப்புரத்திலிருந்து வருவது.

அவள் ஏன் வராமல் இருக்கிறாள் என்பது சகாதேவனுக்குத் தெரியாமல் இல்லை. போன வருஷம் அவளுடைய தம்பி அப்பாதுரை உளுந்து வியாபாரத்தில் இறங்கினான். முதல் சரக்கு, கடன் வாங்கிப் போட்டது. மூட்டைகளை மாயவரம் கூட்ஸ் ஷெட்டில் கொண்டுவந்து அடுக்கிவிட்டு அக்காள் புருஷனிடம் ஒரு வேகன் கேட்டான். வேகன் கொடுப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பட்டாளத்துச் சரக்கு, பிறகு சர்க்கார் நெல்லும் அரிசியும், பிறகு உரம், நிலக்கரி. மற்ற ஜனங்கள் எல்லாம் கடைசியில், அதிலும் பதிவு செய்த தேதிப்படி. வெள்ளைக்காரன் காலத்தில் யுத்தத்துக்காகப் போட்ட வரிசை அது என்பார்கள். யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரனும் போனான், வரிசை மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. லாரியில் அனுப்பலாம் என்றால் ரயிலுக்கு வருமானம் கெட்டுவிடும் என்று தூரதேசத்துக்கு பர்மிட்டைக் கிள்ளித்தான் கொடுத்தார்கள். அந்தச் சமயம் பார்த்து வந்த வேகனையெல்லாம் சர்க்கார் நெல் எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு வேகன் மிஞ்சியபோது அப்பாதுரைக்கு முன்னால் இன்னொருவர் பெயர் இருந்தது. சகாதேவன் அந்த இன்னொருவருக்குத்தான் கொடுத்தார். கோடை மழை பிடித்துக்கொண்டது. உளுந்து மூட்டைக்குள்ளேயே முளைவிட்டது.

"ஒரு பெட்டிதானே கேட்டான்" என்றாள் தனம்.

"வரிசைன்னு ஒன்னு இருக்கு, தனம்."

"இருக்கட்டும்" என்று எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சண்டை போட்டிருந்தால் இவருக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஹபீப் முகம்மது வந்து நின்றார். மல்லாட்டை மண்டிக்காரர், விருதுநகர் எண்ணெய் மில்லுக்கு வேர்க்கடலை அனுப்புகிறவர். ஐப்பசி பிறந்ததிலிருந்து அவருடைய மூட்டைகள் ஷெட்டில் கிடந்தன. ஷெட்டில் இடம் போதாமல் பாதி மூட்டை வெளியே தார்ப்பாய்க்கு அடியில். வரிசையில் இப்போது முதல் பெயர் அவருடையது. அடுத்துக் காலியாகிற வேகன் அவருக்கு. காலியாக வேண்டிய வேகன் சகாதேவனின் முதுகுக்குப் பின்னால் நின்றது.

"வாங்க பாய், உக்காருங்க" என்றார் சகாதேவன்.

ஹபீப் முகம்மது உட்காரவில்லை. ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். மலை இருந்த இடத்தில் மேகம்தான் இருந்தது. "மழை ஜாஸ்தியாதான் வரும் போலக்குது சார்" என்றார்.

"ஆமா."

"சாயங்காலம் கூட்ஸ்ல சேர்த்துட்டா தேவலைனு பார்த்தேன்." அதோடு நிறுத்திக்கொண்டார். வேகன் யாருடையது என்று அவருக்குத் தெரியும். தாடியைத் தடவிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மேஸ்திரி இராமலிங்கம் சொன்னான் சார், உங்க வூட்ல உப்பு வந்துதான் சாமான் இறக்குவீங்கனு. அம்மா வரட்டும். நானு வேணா இன்னொரு தார்ப்பாய் போட்டுக்கறேன். நீங்க மனசுல ஒன்னும் வச்சிக்காதீங்க."

அவர் சத்தம் போட்டிருந்தால் சகாதேவன் பதிலுக்குச் சட்டம் பேசியிருப்பார், அது அவருக்குக் கைவந்த கலை. இப்படி விட்டுக்கொடுக்கிறவரிடம் சட்டம் செல்லாது. மச்சானுக்காக வளையாதவன் தனக்காக வளைந்து உட்கார்ந்திருக்கிறோமே என்று உடம்பு கூசியது. தார்ப்பாயின் மேல் தூறல் விழ ஆரம்பித்த சத்தம் கேட்டது.

"மத்தியான வண்டி வரட்டும் பாய். வந்ததும் திறந்துடறேன்" என்றார்.

வண்டி வந்தது. சகாதேவன் பிளாட்பாரத்தின் நடுவில் போய் நின்றார். கூடைக்காரிகள் இறங்கினார்கள், கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் குடையை விரிக்கத் தெரியாமல் விரித்துக்கொண்டே இறங்கியது. கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு பெண் முதுகைக் காட்டியபடி இறங்கி உள்ளேயிருந்து எதையோ வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டபோது இவர் இரண்டு எட்டு முன்னால் வைத்துவிட்டார். திரும்பினாள். கையில் இருந்தது தூங்குகிற குழந்தை. வண்டி வேலூர்ப் பக்கம் கிளம்பிப் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். அப்புறம் தண்டவாளத்தைத் தாண்டி ஷெட்டுக்கு வந்து, "இராமலிங்கம், கதவுல இருக்கற சீலை உடைப்பா" என்றார்.

மேஸ்திரி இராமலிங்கம் முத்திரையை உடைத்துக் கதவைத் தள்ளினான். வைக்கோல் வாசனை வந்தது. சாமான்களை அவ்வளவு நேர்த்தியாக யாரும் ஏற்றியிருக்க முடியாது. இவருடைய மேசை, அதன் கால்களில் சாக்கு சுற்றியிருந்தது. சாய்வு நாற்காலி. ஒரு கட்டில். இரண்டு கட்டிலில் ஒன்றுதான் இருந்தது. இவருடைய ட்ரங்குப் பெட்டி, ஒரு அடுப்பு, சாதம் வடிக்க ஒரு சின்னப் பானை. ஆட்டுக்கல் இல்லை, அவளுடைய தையல் மெஷின் இல்லை. ஒற்றை ஆளுக்கு எது எது வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்து எடுத்து வைத்தவளுடைய கை எல்லாவற்றிலும் தெரிந்தது.

நடுவில் ஒரு மூங்கில் கூடை, கூடை நிறைய வைக்கோல், அதற்குள் உப்பு ஜாடி.

அதைப் பார்த்ததும் சகாதேவனுக்கு ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. உப்பு வந்துவிட்டதே என்றுதான் முதலில் தோன்றியது. எட்டி எடுத்தார். கனத்தது, வாய்வரை நிறைத்திருந்தாள். துணியை எப்போதும் போடுகிற அதே முடிச்சாகப் போட்டிருந்தாள். அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், மடியைவிட்டு இறக்காத ஜாடியை அவள் வேகனில் ஏற்றி அனுப்பியிருக்கிறாள் என்பது உறைத்தது.

"அட, உப்பு முதல்லயே வந்துடுச்சே சார்!" என்றார் ஹபீப் முகம்மது. அவருக்கு முகமெல்லாம் நிறைந்துவிட்டது. "இனிமே இன்னா, அம்மா பின்னாடியே வந்துடுவாங்க."

"ஆமா பாய்" என்றார் சகாதேவன். "உங்க மூட்டைங்கள ஏத்தச் சொல்லுங்க, கூட்ஸ் வந்துடும்."

சாமான்கள் ஷெட்டின் ஓரத்துக்கு இறங்கின. மூட்டைகள் வேகனுக்குள் ஏறின. ஆட்கள் ஓட்டமும் நடையுமாக வேலை செய்தார்கள். நனைந்த மூட்டைகள் எத்தனை என்று இவர் கேட்கவில்லை, ஹபீப் முகம்மதும் சொல்லவில்லை. டெமரேஜைத் தன் பேரிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கூட்ஸ் வண்டி வந்து, அந்த வேகனைக் கோர்த்துக்கொண்டு, மழைக்குள் விழுப்புரம் பக்கம் போனது. ஹபீப் முகம்மது சலாம் வைத்துவிட்டுக் குடையோடு நடந்தார்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் குவார்ட்டர்ஸ் பூட்டியிருந்தது. சாவி சகாதேவனுடைய பையில் இருந்தது. அவர் ஷெட்டின் ஓரத்தில் தன்னுடைய கட்டிலின்மேலேயே உட்கார்ந்திருந்தார். இராமலிங்கம் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தான்.

"எல்லாத்தையும் உள்ள கொண்டுபோயிடலாமா சார்? அந்த ஜாடிய இப்டி கீழ வைங்க, நான் முதல்ல எடுத்தும்போயி வச்சிடறேன்."

"கீழ வைக்கக்கூடாதுப்பா" என்றார் சகாதேவன்.

இராமலிங்கம் மழை விடட்டும் என்று தூண் பக்கம் ஒதுங்கிக்கொண்டான். சகாதேவன் ஜாடியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வண்டியில் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.