மூன்று புறாவும் நானும்

என் புருஷன் ரெஜீஸ் பந்தயப் புறா வளர்க்கிறவன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு ராத்திரிகூட நாங்கள் வெளியூரில் தங்கியதில்லை. கடவுளே வந்து கூப்பிட்டாலும் "புறாவ யாரு பாக்குறது?" என்பான்.

இந்த வசந்தத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. அமியான் நகரத்துக்குப் போக வேண்டும், அங்கே கால்வாய் ஓரத்து அறையில் இரண்டு ராத்திரி தூங்க வேண்டும், காலையில் யாருக்கும் காபி போடாமல் எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. எங்கள் ஊர் அராஸில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சொர்க்கத்தையா கேட்டேன்?

சமையலறை மேசையில் ரயில் நேரம் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"சனிக்கிழம போயி திங்கள் வந்துரலாம்."

"ஞாயித்துக்கிழம பந்தயம். தெரியாத மாதிரி கேக்குற."

"சரி, செவ்வாய் போயி வியாழன்."

"புதன் பறக்கப் பழக்கணும்."

"அப்ப பந்தயமெல்லாம் முடிஞ்சு அக்டோபர்ல."

"அப்பதான் இறகு உதிரும். அந்த நேரம் விட்டுட்டுப் போனா பாவம்."

"அப்ப நான் செத்த பிறகு போவோம்."

"அது என்ன கிழமைன்னு பாத்துக்கணும்," என்றான். சிரிக்கக்கூட இல்லை.

எனக்கு வந்ததே கோபம். தனியாகப் போகிறேன் என்று அவன் கண்ணெதிரிலேயே டிக்கெட்டும் அறையும் எடுத்தேன். அவன் எழுந்து புறாக்கூண்டுக்குப் போய்விட்டான். அதுதான் எனக்கு உறுத்தியது.

செவ்வாய் காலை பெட்டியோடு வாசலுக்கு வந்தால், மூடிய பிரம்புக் கூடையோடு நிற்கிறான். உள்ளே மூன்று ஆண் புறாக்கள்.

"போறதுதான் போற, இதையும் எடுத்துட்டுப் போ. ஸ்டேஷன் வாசல்ல தெறந்துவிட்டாப் போதும்."

"நான் ஊர் பாக்கப் போறேன், ரெஜீஸ்."

"அதுங்களும் பாக்கட்டுமே. தொலைஞ்சு போகாது. ஜோடிய இங்க அடைச்சு வச்சிருக்கேன்ல, தலைதெறிக்க ஓடியாந்துரும்."

புறாக்கள் வழியெல்லாம் குனுகிக்கொண்டே வந்தன. ரயில் பெட்டியில் இருந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். அமியான் ஸ்டேஷன் வாசலில் மூடியைத் திறந்தேன். எதிரே இருந்த கோபுரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, வந்த திசையிலேயே போய்விட்டன. "மடப்பசங்களா, ஒரு நாள் இருந்தாத்தான் என்ன?" என்று திட்டினேன்.

அறை நன்றாகத்தான் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே கால்வாய், சலவை விரிப்புப் போட்ட படுக்கை. கட்டிலில் உட்கார்ந்தேன். நான் வைத்துவிட்டு வந்த சூப்பைச் சுட வைத்துக் குடிப்பானா? கொல்லைக் கதவைத் தாழ் போட்டிருப்பானா? கடைத்தெருவுக்குப் போய் ஒரு பலகாரம் வாங்கித் தின்றேன், ருசியே தெரியவில்லை. சூப் மட்டும் மண்டைக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. இதற்கா இத்தனை வருஷம் ஏங்கினாய், பைத்தியக்காரி?

நாளைக்குப் புறா பழக்க அவனுக்குக் கூடை வேண்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் வேறு கூடைகள் எத்தனையோ கிடக்கின்றன. அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். வீட்டுக்கு வா என்று ஒருவரும் என்னைக் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

இருட்டுவதற்குள் வீடு வந்துவிட்டது. ரெஜீஸ் கொல்லையில் புறாக்கூண்டைப் பார்த்தபடி நின்றான். ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

"மூணும் மத்தியானமே வந்துருச்சு," என்றான். "நீதான் லேட்டு."

காலிக் கூடையை அவன் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போனேன். மேசையில் இரண்டு பேருக்குத் தட்டு வைத்திருந்தான்.