ரெண்டு ஏக்கரா, ரெண்டே ஆள்

மேச்சேரி பத்ரகாளி சாட்சி. இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்ன நாக்கு அழுகிப் போகட்டும்.

செங்கோட்டையனுக்கு இருப்பது ரெண்டே ஏக்கரா மானாவாரிக் காடு. பக்கத்துக் காட்டுப் பூபதிக்குப் பன்னிரண்டு. டிராக்டர், கூலியாள் எல்லாம் உண்டு. இருந்தும் போன பட்டத்தில் செங்கோட்டையன் காட்டுக் கடலைக்காய், பூபதியின் பன்னிரண்டையும் தாண்டி ஏழு மூட்டை கூடுதலாக நின்றது.

மனுஷன் நிழலைக்கூட வீணாக்க மாட்டார். கடலைக்கு நடுவே துவரை. துவரை நிழலில் கொத்தமல்லி. கொத்தமல்லி நிழலில் அடைக்கோழி. வரப்புப் புல் ஆட்டுக்கு, ஆட்டுப் புழுக்கை காட்டுக்கு. அந்த நாலு ஆடும் கடலைச் செடியை மோந்து பார்த்து, தலையை ஆட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு, களையை மட்டும் கடிக்கும். கோழி வெளியே போகும்போது நகத்தில் ஒட்டிய மண்ணை வரப்பில் உதறிவிட்டுத்தான் போகும்.

சங்கதி காதில் விழுந்து விவசாய ஆபீசிலிருந்து கமலவேணி என்கிற அதிகாரியம்மா வந்தார். நம்பாமல் ரெண்டு தரம் நாடா பிடித்து அளந்தார்.

"எத்தன ஆள் வெச்சுப் பாக்கறீங்க, ஐயா?"

"ஆளெல்லாம் வெக்கறதில்லீங்க. நானும் ஊட்டுக்காரியும்தான். கூலியாளுன்னா பொழுது சாஞ்சா போயிருமுங்க. இவ தண்ணி குடிக்க நடக்கையிலயே நாலு களை புடுங்கீருவா. சோறு வேகறப்பவும் கண்ணு காட்டு மேலதான்."

"அப்ப அவங்களத்தான் மொதல்ல எழுதோணும். கூப்புடுங்க."

செங்கோட்டையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "டவுன்ல, அஸ்தம்பட்டியில இருக்கறாளுங்க. மக சௌந்தர்யா வேலைக்குப் போறா. பேத்தியப் பாத்துக்கப் போனவ."

அதிகாரியம்மா பேனாவை மூடிவிட்டார். "பாதி ஆள எழுதாம எப்பிடிங்க? அவங்க வரட்டும், நானும் வாரேன்."

சாயங்காலம் செங்கோட்டையன் பத்ரகாளி சத்தியத்திலிருந்து அதிகாரியம்மா பேனாவை மூடியது வரை அத்தனையும் மனைவியிடம் போனில் சொல்லி முடித்தபோது, அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

"அளக்காதீங்க!" நல்லம்மாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "கோழி மன்னிப்புக் கேக்கலீங்களா?"

"ஆடுதான் புள்ள கேக்குது. கோழிக்குத் திமிரு."

"ஆட்டுக்குத் தண்ணி வெச்சீங்களா?"

"வெச்சா குடிக்கறதில்ல. பஸ் வர்ற பக்கமே பாத்துட்டு நிக்குது. நானும் அதுங்கூடத்தான் நிக்கறேன்."

நல்லம்மாள் அடுப்பை அணைத்தாள்.

"கிழக்கு மூலையில ஈரம் இருக்குதுங்களா?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"ஒரு பிடி மண்ண எடுத்தா உன்ற பேரச் சொல்லுது."

"பாப்பாவ ஜூன்ல பள்ளிக்கூடத்துல சேத்தறாங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள வாரேனுங்க. வெதக்கடல எடுத்து வெச்சிருக்கறீங்கல்ல?"

"மூணு மூட்டை. நீ வந்துதான் தொலிச்சுப் பருப்பெடுக்கோணும்."

நல்லம்மாள் பஸ் ஏறிப்போன நாளிலிருந்து மூன்று வருஷமாக அந்த ரெண்டு ஏக்கராவில் ஒரு விதைகூட விழவில்லை.