ருசி பார்த்தவள்

கோடை பிறந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அவர்கள் வீட்டு மொட்டைமாடியில்தான். நாத்தனார் குடும்பம் வரும், தம்பி குடும்பம் வரும், கீழ்வீட்டுக்காரர்கள் கூப்பிடாமலே வருவார்கள். எல்லோரும் தன் சமையலுக்காக வருகிறார்கள் என்று அவள் ஒரு காலத்தில் நம்பியிருந்தாள், பாவம். வருவதெல்லாம் அவள் கணவர் கலக்கும் வெள்ளை சாங்ரியாவுக்காக. வெள்ளை ஒயினில் பழத்துண்டுகள் மிதக்கும் அந்தக் கண்ணாடி ஜாடி மாடிப்படி ஏறி வரும்போது கல்யாண மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைக்காத வரவேற்பு அதற்குக் கிடைக்கும்.

இந்த வருடம் ஜாடி வராது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர் குடியை விட்டுவிட்டார். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை அவருக்கு. குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம், ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி. கதவுத் துளையில் சாவியை நுழைக்கப் போனவரின் கை ஆடியது. கூட வந்தவர்தான் சாவியை வாங்கித் திறந்தார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "இனிமே தொடமாட்டேன்" என்றார். முன்பும் சொன்னதுண்டு. அப்போதெல்லாம் ஊருக்கே கேட்கும்படி சொல்வார். இந்த முறை மெதுவாகச் சொன்னதால் அவளுக்குப் பாதி நம்பிக்கை வந்தது.

மீதிப் பாதிக்கு அவளிடம் வேறு வழி இருந்தது. அவள் தையல்காரி, வீட்டு முன்னறையில் உட்கார்ந்து திரைச்சீலையும் சட்டையும் தைப்பவள். அவர் வேலை முடிந்து உள்ளே நுழைந்ததும், "இந்தக் காலரைப் பாருங்க, எப்படி மடங்கியிருக்கு" என்று கிட்டே போய்ச் சரிசெய்வாள். காலருக்கும் வாய்க்கும் நடுவே எவ்வளவு தூரம்? மூச்சை ஒருமுறை இழுத்தால் போதும். அவர் குடித்த காலத்தில் தொடங்கிய வழக்கம், விட்ட பிறகும் ஒருநாள் தவறவில்லை. காலரே இல்லாத பனியன் போட்டிருந்தாலும் கழுத்துப் பக்கம் எதையோ தட்டிவிடுவாள். இதெல்லாம் அவருக்குத் தெரியாது என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இந்தத் தடவ ஜூஸே போதும். அண்ணன் முன்னாடி எதுக்கு?" என்று நாத்தனார் போனில் சொன்னபோது அவளுக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. அதற்குள் அவர் போனை வாங்கிக்கொண்டார்.

"நான் விட்டதுக்கு நீங்க ஏம்மா காயணும்? ஜாடி உண்டு, வா."

வார்த்த பால் அப்படியே திரிந்துபோயிற்று.

"ருசி பாக்காம எப்படிங்க கலக்குவீங்க?" என்றாள்.

"அதுக்குத்தான் நீ இருக்கியே. உன் நாக்கைக் கொஞ்சம் குடு, போதும்."

ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை அவள். அந்த வாசனையோடு எத்தனை வருடம் மல்லுக்கட்டியிருக்கிறாள், அதையா வாயில் வைப்பது? ஆனாலும் ஒத்துக்கொண்டாள். கணக்கு எளிது. நாக்கு தன்னுடையதென்றால் கரண்டியும் தன் கையில் இருக்கும். ஜாடி மாடிக்குப் போகும்வரை கண்கொத்திப் பாம்பாகக் கூடவே இருந்துவிடலாம்.

ஞாயிறு காலையே வெயில் சுவரில் ஏறிவிட்டது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டதில் சமையலறை முழுக்க மங்கலான மஞ்சள் வெளிச்சம். தம்பி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன பீச் பழங்களை அவர் கையில் உருட்டிப் பார்த்தார். மெல்லிய பிறை பிறையாக அரிந்தார். பச்சை ஆப்பிளைத் தோலோடு நறுக்கினார், ஆரஞ்சையும் எலுமிச்சையையும் வட்டமாக வெட்டினார். கத்தி பலகையில் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது. அவர் கை ஆடவே இல்லை. வாய்விட்டுச் சொன்னால் திருஷ்டி பட்டுவிடுமோ என்று பேசாமல் இருந்தாள்.

பழங்களைக் கிண்ணத்தில் போட்டு, சர்க்கரை தூவி, கொஞ்சம் பிராந்தி ஊற்றிக் குலுக்கி ஃப்ரிட்ஜில் வைத்தார். ஊற வேண்டும். ஊறுகிற நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் அவள் அடிக்கடி ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு பீச் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். பழம்தானே, பழம் என்ன செய்துவிடும் என்று நினைப்பு. ஒயின் பாட்டில் மேலேயே கண்ணாக இருந்தவளுக்கு, பிராந்தியெல்லாம் பழத்துக்குள் குடியேறிவிட்டது தெரியவில்லை.

பிறகு ஜாடியில் பழத்தைச் சரித்து, சில்லென்ற ஒயினை ஊற்றினார். புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போட்டார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, ஒரு கரண்டி எடுத்து அவளுடைய டம்ளரில் ஊற்றி நீட்டினார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இல்ல."

"நல்லா இல்லன்னா எப்படி? கசக்குதா, புளிக்குதா?"

அவள் யோசித்தாள். இதற்கெல்லாம் அவளிடம் வார்த்தை ஏது? "புதுத் துணி தைக்கிறப்ப கஞ்சி போகாம விறைப்பா நிக்குமே. அப்படி நிக்குது."

அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு சர்க்கரைப்பாகு கொஞ்சம் ஊற்றினார். மறுபடி டம்ளர் வந்தது.

"இப்போ தளர்ந்திருக்கு. ஆனா அளவுக்கு மேல விட்டுட்டீங்க. தோள்ல நிக்காது, வழியும்."

எலுமிச்சை பிழிந்தார். அவள் குடித்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். ஓரம் அடிக்காத துணி என்றாள், ஆரஞ்சுச் சாறு விழுந்தது. கொஞ்சம் கனம் என்றாள், இன்னும் ஒயின் விழுந்தது. இத்தனை வருடத்தில் இவர்கள் ஒன்றாக உட்கார்ந்து செய்த வேலை வேறொன்றுமில்லை. அவர் ஒரு ஆணியை அடித்தால் இவள் குறை சொல்வாள், இவள் ஒரு மெத்தையைப் புரட்டினால் அவர் முதுகு வலி என்பார். இன்றைக்கு அவள் வாய்க்கு வந்ததைச் சொல்ல, அவர் அதைச் சட்டம் போலக் கேட்டுக்கொண்டார். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

கடைசி வாயை அவள் நாக்கிலேயே வைத்துக்கொண்டு ஜன்னல் திரையைப் பார்த்தாள்.

"என்ன?"

"மழைக்கு முன்னாடி காத்து வரும் பாருங்க. ஜன்னல் திரை மெதுவா உப்பிட்டு, அப்படியே நிக்கும். அது."

"அதான்," என்றார் அவர். "இதுக்கு மேல தொடக் கூடாது." ஜாடியை மூடினார்.

நாற்காலி இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. மின்விசிறி தலைக்கு மேலே ஏதோ ரகசியம் சொல்லிக்கொண்டே இருந்தது. கண்ணை மூடக் கூடாது, ஜாடி இன்னும் இங்கேதான் இருக்கிறது என்று தனக்குத்தானே சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு திரைச்சீலை தைக்க உட்கார்ந்துவிட்டாள். முடிவே இல்லாத திரை. தைக்கத் தைக்க அது மாடி மாடியாக மேலே போயிற்று. அதன் மடிப்புக்குள் ஒரு லிஃப்ட் சத்தமில்லாமல் ஏறியது, உள்ளே அவர் நின்றிருந்தார், முழங்கால்வரை வெளிர்மஞ்சள் தண்ணீர், அதில் பீச் பிறைகள் மிதந்தன. கதவைத் திற என்று அவர் சைகை செய்தார். சாவி அவள் கையில்தான் இருந்தது. துளைதான் எங்கே என்று தெரியவில்லை.

விழித்தபோது சுவரில் இருந்த வெயில் தரைக்கு இறங்கியிருந்தது. மேஜை துடைத்துக் கிடந்தது. ஜாடி ஃப்ரிட்ஜுக்குள் போயிருந்தது. மொட்டைமாடியில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. முகம் கழுவலாம் என்று பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தொட்டியில் ஒரு கண்ணாடி கிளாஸ் கிடந்தது. உள்ளே ஒரு ஆரஞ்சு வட்டம், ஒரு புதினா இலை.

அவள் குடித்தது எவர்சில்வர் டம்ளரில். அது மேஜை மேல் அப்படியே இருந்தது. கிளாஸை எடுத்து முகர்ந்தாள். ஒயின் வாசனை. டம்ளரை முகர்ந்தாள், அதே வாசனை. கையை முகர்ந்தாள், அதுவும் அதே. ஜாடியைத் திறந்து பார்த்தாள். முன்பு எவ்வளவு இருந்தது என்று யார் கண்டது? தூங்கிவிட்டேனே, கண்ணைத் திறந்து வைத்திருந்தால் நடந்திருக்காதே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டிருக்கும்போதே வாசலில் நாத்தனார் குரல் கேட்டுவிட்டது.

மாடியில் நிழலுக்கு அவர் துணி கட்டியிருந்தார். ஜாடியில் சோடா ஊற்றினார், ஐஸ் போட்டார், ஒவ்வொருவருக்கும் ஊற்றிக் கொடுத்தார். தனக்கு வெறும் சோடா. பேச்சும் சிரிப்பும் வெயிலோடு கரைந்து எங்கோ தூரத்தில் கேட்பது போல அவளுக்குக் கேட்டது. அவர் நடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாதாரணமாகத்தான் நடந்தார். குடித்த நாட்களில்கூட முதல் கிளாஸுக்கு அவர் சாதாரணமாகத்தான் நடப்பார்.

"மாமா, எந்த வருஷத்தையும் விட இதான் டாப்," என்றான் தம்பி. "ருசியே பாக்காம எப்படிக் கலக்குனீங்க?"

"உங்க அக்காவக் கேளு. நான் வெறும் கை. நாக்கு அவளோடது."

"அக்காவா?" தம்பிக்குப் புரையேறியது. நாத்தனார் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "அதானே, அண்ணி மூஞ்சி ஏன் இப்படிச் செவந்திருக்குன்னு பாத்தேன்" என்றாள். மாடியே சிரித்தது. அவளும் ஒப்புக்குச் சிரித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் தண்ணீர்த் தொட்டி ஓரமாகத் தனியாக நின்றார். அவள் போனாள். கேட்கத்தான் போனாள். அவரே ஆரம்பித்தார்.

"கீழ அந்த கிளாஸைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"கழுவிக் கவுத்தியிருந்தா உனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"குடிச்சீங்களா?"

"ஊத்தினேன். கையில எடுத்தேன். வாய் வரைக்கும் போச்சு." அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "திரும்பினா நீ தூங்குற. வாயைத் தொறந்துக்கிட்டு, குறட்டை வேற. நான் முழிச்சிருக்கறப்ப நீ தூங்கி நான் பாத்ததே இல்ல. நான் படுத்த பிறகுதான் நீ கண்ணை மூடுவ. உன்னைப் பாத்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்து தொட்டியில கொட்டிட்டேன்."

பழத்தாலும் ஒயினாலும் வந்த தூக்கம் அது, உங்களை நம்பி வந்த தூக்கம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும்கூட. சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

அவர் அவள் பக்கம் திரும்பி, கொஞ்சம் குனிந்து, கழுத்தை நீட்டினார். "பாரு," என்றார். "காலர்."

தெரியும். இவருக்கு எப்போதுமே தெரியும். வெட்கத்தில் அவள் முகம் இன்னும் சிவந்தது. இருந்தாலும் பழக்கம் விடவில்லை, கிட்டே போய் மூச்சை இழுத்தாள். பீச், புதினா, ஒயின். எல்லாம் அவளுடைய மூச்சுதான். அவருடையது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. இத்தனை வருடம் உழைத்த மூக்கு இன்றைக்குப் பார்த்துக் கைவிட்டுவிட்டது. இனி அவர் சொன்னதை எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது விட வேண்டும். நடுவில் நிற்க இடமில்லை.

துணி கட்டிய வேலையில் அவருடைய காலர் இன்று நிஜமாகவே ஒரு பக்கம் உள்ளே மடங்கியிருந்தது. தையல்காரியின் விரல்கள் துடித்தன. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"காலர் நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஐஸ் தீரப் போகுது. கீழ போய் எடுத்துட்டு வாங்க."

கீழே சமையலறையில் யாரும் இல்லை. பாதி பிராந்தி பாட்டில் மேஜையடியில் இருந்தது, அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு மடங்கிய காலரோடு படியிறங்கிப் போனார். அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்து, தன் கிளாஸின் அடியில் கிடந்த பீச் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடினாள்.