கல்யாணப் பத்திரிகையில் பச்சை மை

டெல்லி கிட்வாய் நகரில் ஆங்கிலச் சந்தேகம் வந்தால் யாரும் அகராதியைத் தேடுவதில்லை. என் அப்பா ஜோதிலிங்கத்துக்குப் போன் போடுவார்கள். ‘ஃபர்னிச்சர்’ என்று எழுதினால் போதுமா, ‘ஃபர்னிச்சர்ஸ்’ வேண்டுமா? ‘ஸ்டாஃப்’ ஒருமையா, பன்மையா? ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்றால் என்ன தப்பு? அப்பா ஒரு மத்திய அமைச்சகத்தில் அண்டர் செக்ரட்டரி. சாப்பாட்டுக்கு நடுவில் போன் வந்தாலும் கையைக் கழுவிக்கொண்டு வந்து பதில் சொல்வார். எதிர்முனை நன்றி சொன்னால் அந்த நன்றியையும் திருத்திவிட்டுத்தான் வைப்பார்.

அப்பேர்ப்பட்டவர் என் கல்யாணப் பத்திரிகையை ஆங்கிலத்தில் எழுதினார். வரிக்கு வரி இடைவெளி, பக்கத்தில் அகலமான மார்ஜின், மேலே ‘ட்ராஃப்ட்’ என்ற தலைப்பு. தையில் முகூர்த்தம். அவர் ரிட்டயர் ஆவதற்குள், அரசாங்கக் குவார்ட்டர்ஸ் கையில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். பத்திரிகை கையில் கிடைத்தால்தான் திருநெல்வேலிச் சொந்தங்கள் ரயில் டிக்கெட் போடுவார்கள். இல்லாவிட்டால் ‘முறையா அழைக்கல’ என்று ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

மாப்பிள்ளை பிரதீப்பை நானேதான் பிடித்துக்கொண்டு வந்தேன். குர்காவ்னில் என்னோடு வேலை பார்க்கிறவன். அவனைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ளும் உத்தேசம் எனக்கு இல்லை.

அவன் அப்பா இராஜமாணிக்கமும் மத்திய அரசுதான். டைரக்டராக ரிட்டயர் ஆகி, கரோல் பாகில் இருக்கிறார். பெரியவர், பதவியிலும் மேலே இருந்தவர், அவர் பார்வைக்குப் போகாமல் அச்சுக்குக் கொடுக்கக் கூடாது என்றார் அப்பா. வாட்ஸப்பில் அனுப்பலாமே என்றேன். “ஃபைல் கையாலதான் போகணும்” என்றார். கல்யாணப் பெண்ணான நானே அதை ஒரு கவரில் போட்டு மெட்ரோவில் கொண்டுபோய்க் கொடுத்து, மறுவாரம் வாங்கியும் வந்தேன்.

அப்பா பிரித்துப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

“வரதட்சணை எதுவும் கேட்டிருக்காங்களா?” என்றாள் அம்மா.

“அதைவிட மோசம். பச்சை மையில எழுதியிருக்காரு.”

அரசாங்க அலுவலகத்தில் நீலமும் கறுப்பும் எல்லோருக்கும் பொது. பச்சை மை ஜாயின்ட் செக்ரட்டரிக்கும் அவருக்கு மேலே இருப்பவர்களுக்கும் மட்டும். டைரக்டர் அதற்கு ஒரு படி கீழே. அப்பாவின் கணக்கில், இது பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் அமைச்சர் மாதிரி சிவப்பு விளக்கு மாட்டிக்கொண்டு போவதற்குச் சமம்.

“என்னதான் எழுதியிருக்காரு?”

“ஃபேமிலிங்கிற வார்த்தைக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி. என் இங்கிலீஷுக்கே கேள்விக்குறி! அதுவும் பச்சையில!”

அதற்குக் கீழே அப்பா நீல மையில் ஒரு குறிப்பு எழுதினார். பச்சை மையைப் பயன்படுத்தும் அதிகாரம் எந்த உத்தரவின்படி வந்தது என்று தெரிவித்தால் நன்றாக இருக்கும், என்று. நான் மறுபடியும் மெட்ரோ ஏறினேன். ‘பார்த்தேன்’ என்ற ஒற்றை வார்த்தையோடு தாள் திரும்பி வந்தது. அதுவும் பச்சை.

“இந்தக் கல்யாணம் பென்டிங்ல இருக்கட்டும்” என்றார் அப்பா.

எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு கிழவர்களையும் ஒரே ஃபைலில் வைத்துக் கட்டியிருப்பேன். அச்சகக்காரர் தினமும் போன் செய்து “மேடம், ஜல்தி” என்று அவசரப்படுத்தினார். அம்மா பூஜை அறையில் முருகனிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள். நான் பிரதீப்பைக் கரோல் பாக் மெட்ரோ வாசலுக்கு வரச்சொல்லி, கோல்கப்பா விற்கும் பானிபூரி வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துத் திட்டினேன்.

“உங்க அப்பாவுக்கு நீலப் பேனாவே கிடைக்கலையா?”

“ஏய், விஷயம் தெரியாம பேசாத. அப்பா பேரு ஜாயின்ட் செக்ரட்டரி லிஸ்ட்ல வரும் வரும்னு கடைசி வரைக்கும் பாத்துட்டு இருந்தாரு. வரல. ரிட்டயர் ஆன அன்னிக்கு மாலையைக்கூடக் கழட்டல, நேரா கடைக்குப் போயி பச்சைப் பேனா வாங்கிட்டாரு. இப்ப பால்காரன் கணக்கு, காஸ் புக்கிங், எல்லாம் பச்சைதான். பாவம், அதை வேற யாரு பாக்கப்போறா?”

கையிலிருந்த கோல்கப்பாவைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அண்டர் செக்ரட்டரியாகவே தானும் வெளியே வரப்போகிறோம் என்பது அவருக்குத் தெரியும். போன் அடித்தது. முதல்முறையாக அவர் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். “கிளம்புட்டி.”

கரோல் பாக் வீட்டில் இராஜமாணிக்கம் மாமா விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அப்பா உட்காரவில்லை. அலுவலகத்தில் மேலதிகாரியின் மேஜைக்கு முன்னால் நிற்பதுபோல நின்று, புதிதாக எழுதிய ட்ராஃப்டை இரண்டு கையாலும் நீட்டினார். அடியில் நீல மையில் எழுதியிருந்தார்: ‘ஜே.எஸ். மே கைண்ட்லி அப்ரூவ்.’ ஜாயின்ட் செக்ரட்டரி தயவுசெய்து ஒப்புதல் தரவும், என்று அர்த்தம்.

மாமா படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தவர், உடனே எழுதவில்லை.

“உட்காருங்க சம்பந்தி” என்றார். “அந்தக் கேள்விக்குறி திருத்தம் இல்லீங்க. சந்தேகம். ஃபேமிலிக்கு ‘இஸ்’ஸா ‘ஆர்’ரா? சர்வீஸ் பூரா எனக்கு அது குழப்பம்தான். டைரக்டர் நாற்காலியில உட்கார்ந்துட்டு கீழ இருக்கிறவங்ககிட்ட எப்படிக் கேக்கிறது? நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சேன்.”

“ரெண்டும் சரிதான். ஒண்ணாச் சேத்துச் சொன்னா ‘இஸ்.’ ஆளாளுக்குத் தனித்தனியா நினைச்சுச் சொன்னா ‘ஆர்.’ நல்ல கேள்வி கேட்டிருக்கீங்க.”

அப்பா ஒருவர் கேள்வியை நல்ல கேள்வி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. மாமா ‘அப்ரூவ்டு’ என்று பச்சையில் பெரிதாக எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். சமையலறையில் பிரதீப்பின் அம்மா பாயசத்துக்கு முந்திரி வறுக்க ஆரம்பித்தார்.

அச்சகத்தில் கொடுத்துவிட்டு மெட்ரோவுக்கு நடந்தோம். வழியில் ஒரு ஸ்டேஷனரி கடையில் அப்பா நின்றார். “பையா, ஏக் கிரீன் பென்” என்று ஹிந்தியில் ஒரு பச்சைப் பேனா கேட்டார். கடைக்காரர் மூடியைத் திறந்து கிறுக்கிக் காட்டப் போனார். அப்பா பதறிப்போய்த் தடுத்து, அப்படியே வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“எழுதுதான்னு பாக்க வேண்டாமாப்பா?”

“இப்ப எழுதக்கூடாதுட்டி. இன்னும் சர்வீஸ்லதான இருக்கேன்.”

எனக்கு அழுகை வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மெட்ரோவில் ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது. அப்பா எடுத்து, “ஃபர்னிச்சருக்கு எஸ் வராது” என்றார்.