கிழக்கே சாய்ந்த குடை

"சூரியன் எறங்குறதையா படம் பிடிக்கீக?"

"ஆமா டீச்சர்."

"கறுப்பு வெள்ளையிலயா?"

"கலரைப் பிரஸ்ல ஏத்திக்கிடுவாக."

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்கழிச் சாயங்காலம், திருத்தங்கல் கண்மாய்க் கரையில் நடந்த பேச்சு இது. அதற்குப் பிறகு ஞானமுத்து தன்னிடம் பேசியதையெல்லாம் எழுதினால் ஒரு தபால் கார்டில் பாதிகூட நிரம்பாது என்பது கனகமணி டீச்சரின் எண்ணம்.

சிவகாசியில் ஸ்டூடியோ வைத்திருந்தான். மழை பெய்து கண்மாய் நிறைந்ததும் கேமராவையும் முக்காலியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிடுவான். காலண்டர் கம்பெனிக்கு அஸ்தமனப் படமாம். மாலை வகுப்பை முடித்து அவள் கரைமேல் வீட்டுக்கு நடக்கும் நேரமாகப் பார்த்துத்தான் சூரியனும் இறங்க வேண்டும் போல. அவன் எதற்கு வருகிறான் என்பது அங்கே மாடு மேய்க்கிறவர்களுக்குக்கூடத் தெரியும். சொல்ல வேண்டியவன் மட்டும் அவளைக் கண்டதும் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொள்வான். அந்தத் தலைக்கு அந்தத் துணி போதும் என்று நினைத்தபடி கனகமணி கடந்து போவாள். வெயில் மேற்கேயிருந்து அடிக்கும். அவள் குடை கிழக்கே, அவன் பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

இந்த வருஷம் அவளுக்கு இருபத்தெட்டு முடிந்தது. கிறிஸ்துமஸ் லீவில் நாசரேத்திலிருந்து ஒரு வாத்தியார் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. இந்தச் சம்பந்தத்துக்குச் சரியென்று எழுதிப் போடவா என்று அப்பா இரண்டு தடவை கேட்டாயிற்று. அவள் பதில் சொல்லாமல் நாளை ஓட்டினாள். யாருக்காக ஓட்டுகிறோம் என்று நினைத்தபோது தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் புது வருஷக் காலண்டர் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. தலைமையாசிரியர் அய்யாதுரை அதை ஆணியில் மாட்டிவிட்டு விடியலின் அழகைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார். அதே கண்மாய், அதே கரை. கீழே கொட்டை எழுத்தில் 'உதயம்' என்று போட்டிருந்தது. அஸ்தமனத்தை எந்த முதலாளி கடையில் மாட்டுவான் என்று கம்பெனிக்காரர்கள் மஞ்சளும் ரோஸும் ஏற்றி விடியலாக்கிவிட்டார்கள். கரையில் சின்னதாக ஒரு பெண், குடையோடு. விடியற்காலையில் எந்தக் கிறுக்கி குடை பிடிப்பாள் என்றுகூட யாரும் யோசிக்கவில்லை. குடைக்குச் சிவப்புச் சாயம் வேறு.

அன்று சாயங்காலம் அவள் கடந்து போகவில்லை. முக்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"பொழுது சாயுறதை விடியுறதுன்னு அடிச்சிருக்காக. அதுக்கும் வாயத் தொறக்கலையாக்கும்?"

ஞானமுத்து துணிக்குள்ளிருந்து வெளியே வந்தான். கம்பெனியில் அப்படித்தான் கேட்டார்கள், தான் என்ன செய்ய முடியும் என்று முணுமுணுத்தான். இந்தப் பதிலுக்கா நாலு வருஷம் என்று அவளுக்கு வாயெல்லாம் கசந்தது.

"நல்லது. வாற புதன்கிழமை நாசரேத்திலிருந்து என்னைப் பாக்க வாராக. வந்து அதையும் ஒரு படம் பிடிச்சுக் குடுத்திருங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை அவன் முகத்துக்கு நேரே இறக்கினாள்.

சூரியன் தண்ணீரைத் தொட்டு, பாதியாகி, முழுகியும் போனது. கேமரா அசையவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் தவறவிட்ட முதல் சூரியன்.

"குடையை மடக்குங்க டீச்சர்" என்றான். "நாலு வருசமா இந்தக் குடையைத்தான் பாத்துக்கிட்டு நிக்கேன். குடைகிட்டப் போயி எப்படிக் கேக்க?"

கனகமணி திரும்பி மேற்கைப் பார்த்தாள். மறைப்பதற்கு அங்கே வெயிலே இல்லை. குடையை மடக்கினாள்.

"என்னைக் கட்டிக்கிடுதீகளா?" என்று ஞானமுத்து கேட்டான்.