கமலவேணி மடித்த இரண்டு பொட்டலங்கள்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. 1946இல், சேலத்துத் தொழிற்பயிற்சிக் கூடம் ஒன்றில் காலஞ்சென்ற தண்டாயுதபாணி வாத்தியாரின் படத்திறப்பு. அன்று வாசிக்க ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். “பக்திமான், கடற்படை வீரர், நல்லாசிரியர். மூன்றும் வரவேண்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது” என்றார் காரியதரிசி. ஒரு பக்கத்துக்கு மேல் போகாதே என்றால்தான் எனக்குக் கை அரிக்கும். உடனே தொடங்கினேன்:

“நடுக்கடலில் அலைகள் மலைபோல எழும்ப, எஞ்சின் அறையில் நம் நாயகர்—”

[நிறுத்திவிட்டேன். நான் கடலைப் பார்த்ததில்லை. மேட்டூர் அணை நிரம்பிப் பார்த்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு எத்தனை வரி ஓட்டுவது?]

2

“வெண்ணந்தூரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த தண்டாயுதபாணி, சிறுவயது முதலே—”

[வேண்டாம். ‘சிறுவயது முதலே’ என்று தொடங்கினால் எந்தப் போக்கிரியும் சமர்த்துப் பிள்ளையாகிவிடுகிறான்.]

இருந்தபடியே சொல்கிறேன். தறிக்குழியில் காலை விட மாட்டேன் என்று பம்பாய்க்கு ஓடினார். சரக்குக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுப் பழகி, வேலையில் தேறி, ஊர் திரும்பிக் கல்யாணமும் செய்துகொண்டார். யுத்தம் வந்ததும் கடற்படை ரிசர்வில் பெயர் கொடுத்தார். கூப்பிட்டால் கப்பலேற வேண்டும். கூப்பிடும்வரை சேலத்தில் பையன்களுக்கு எஞ்சின் வேலை சொல்லித்தர வேண்டும்.

ஆள் முருகன் பைத்தியம். எஞ்சினின் பெரிய சக்கரத்துக்கு விபூதிப் பட்டை போடாமல் பாடம் தொடங்காது. சோதனைக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரி நெற்றியைத் துடைக்கச் சொன்னபோது மறுபேச்சில்லாமல் துடைத்தார். மறுநாளிலிருந்து சட்டைக்குள் மார்பில் பூசிக்கொண்டார். இரண்டு இடத்திலும் நல்ல பெயர் வாங்கத் தெரிந்தவர்.

பையன்களிடம் ஓயாமல் சொன்னது ஒன்றுதான்: “ஒருக்கா அளந்துபோட்டு எந்திரிக்கக் கூடாது சாமி. இன்னொருக்கா அளந்து பாரு.”

* பக்தியும் இந்தப் பழக்கமும் ஒரே ஆளுக்குள் எப்படிக் குடித்தனம் நடத்தின என்று எனக்கும் புரியவில்லை. கொஞ்சம் பொறுங்கள்.

3

கமலவேணி அவருடைய மனைவி. நான் வெண்ணந்தூருக்குக் குறிப்பெடுக்கப் போனபோது ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே பதில் சொன்னார்.

“தைரியசாலிங்களா?”

“ஆமாங்க.”

“கோவம் வருமுங்களா?”

“ஆமாங்க.”

“கோவமே வராதுன்னும் சொல்றாங்களே?”

“ஆமாங்க.”

வாழ்க்கைக் குறிப்புக்கு இது தாராளமாகப் போதும். எழுந்திருக்கிறபோது, சும்மா, “கப்பலுக்குக் கூப்பிட்டப்ப சாமிகிட்டப் பூக் கேட்டாராமே?” என்றேன். ராட்டை நின்றது.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெள்ளரளி ஒரு பொட்டலத்தில், செவ்வரளி ஒரு பொட்டலத்தில். ஒன்றுபோல மடித்துச் சந்நிதியில் வைத்து, கும்பிட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் போகக்கூடாது. மற்றதை யாரும் பிரிப்பதில்லை. பிரித்தால் சாமியையே சந்தேகப்பட்டதாகும்.

“செவப்பு வந்தா என்ன பண்ணுவீங்க? பட்டாளத்துல பூவெல்லாம் செல்லாதுங்களே” என்று ஊர் முருகன் கோயில் பூசாரி அப்புசாமி கேட்டாராம்.

“ஜெயிலுக்குப் போறனுங்க. சாமி சொன்னதுக்கு மேல என்ன இருக்குது?” என்றாராம் வாத்தியார்.

இதைச் சொல்லிவிட்டுக் கமலவேணி என்னை நிமிர்ந்து பார்த்தார். “பொட்டலம் மடிச்சது நானுங்க. ரெண்டுலயும் செவப்புத்தான் வெச்சேன். ஜெயில்ல களியத் தின்னுக்கிட்டாச்சும் உசுரோட இருப்பாரில்லீங்களா?”

[கதை கிடைத்துவிட்ட சந்தோஷத்தை முகத்தில் காட்டாமலிருக்க நான் பட்ட பாடு முருகனுக்குத்தான் தெரியும்.]

4

சந்நிதியில் அவர் ஒன்றை எடுத்தார். சிவப்பு. “உத்தரவில்லைங்க” என்றார் பூசாரி. வாத்தியார் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிரகாரம் சுற்றத் திரும்பினார். கமலவேணி தூணோரம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

வாத்தியார் நின்றார். கை தானாக நீண்டது. இன்னொன்றையும் பிரித்தார்.

அதுவும் சிவப்பு. பெண்டாட்டியைப் பார்த்தார். கோபமில்லை, சிரித்துவிட்டார். “ஏம்புள்ளே, உன்ற உத்தரவு வந்துருச்சு. சாமி உத்தரவு இன்னும் வரலையே.”

நந்தவனத்துக்குப் போய்த் தாமே பூப்பறித்து, தாமே மடித்து வைத்துக் கேட்டார். வெள்ளை வந்தது. மற்றதில் சிவப்பு இருக்கிறதா என்று அதையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் சேலத்தில் ரயிலேறினார். அடுத்த ஐப்பசியில் கப்பல் மூழ்கியது. அவர் திரும்பவில்லை.

“என்ற கையில வந்துதானுங்க சாமி வேண்டாம்னு சொல்லியிருக்கு” என்றார் கமலவேணி. “அது எனக்கும் அப்பத் தெரியல.”

5

காரியதரிசிக்கு மூன்று பட்டங்களோடு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இது மிச்சம். இதற்குச் சில முடிவுகள் செய்து பார்த்தேன்.

அ) இரண்டாவது பொட்டலத்தைக் காற்று அடித்துக்கொண்டு போகிறது. [சந்நிதிக்குள் காற்று ஏது?]

ஆ) பூசாரி அதைச் சட்டென்று கிணற்றில் வீசுகிறார். [அப்புசாமி எதையும் சட்டென்று செய்ததாக ஊரில் சாட்சி இல்லை.]

இ) முருகனே நேரில் தோன்றி—

இவற்றை வெண்ணந்தூருக்கு எடுத்துப்போய் வாசித்துக் காட்டினேன். கமலவேணி சிரிக்கவில்லை.

“ஏனுங்க, இது கதைதானுங்களே?”

“ஆமாங்க.” இந்த முறை அதைச் சொன்னது நான்.

“அப்ப ரெண்டாவதெ அவரு பிரிக்காம இருக்கட்டுமே. நேரா ஜெயிலுக்குப் போகட்டும். தூக்குப்போசில சோறு கொண்டுக்கிட்டுப் போயி நான் பாத்துக்கறேன்.”

6

எழுதிப் பார்த்தேன். பிரிக்காமல் போகிற ஆள் தண்டாயுதபாணியாக இல்லை; யாரோ ஒரு நல்ல மனிதர், எனக்குப் பழக்கமில்லாதவர். பிரிக்க வைத்தால், அவரைச் சாகடித்தவன் நானாகிவிடுகிறேன். மேட்டூர் அணையை மட்டும் பார்த்தவனுக்கு இவ்வளவு பெரிய தண்ணீர் தாங்காது.

ஆகவே நாலாம் பகுதியில் ‘கை தானாக நீண்டது’ என்பதிலிருந்து எல்லாவற்றையும் அடித்துவிடுகிறேன். அடித்தாயிற்று. அவர் செவ்வரளியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிரகாரம் சுற்றத் திரும்பியபடி நிற்கிறார். இரண்டாவது பொட்டலம் மடித்தபடியே இருக்கிறது.

அடுத்த வாக்கியத்தை நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம். தூணோரம் ஒருத்தி இன்னும் மூச்சு விடவில்லை.